போத்தலின் நடுக்கம்

பீற்றில்ஸின் 1968ஆம் ஆண்டு 'வெள்ளை' இசைத்தட்டில் ஜோர்ஜ் ஹரிசன் பாடிய 'லோங், லோங், லோங்' அதிகம் பேசப்படாத பாடல். அது கடவுளை விளிப்பதென ஹரிசனே சொன்னார். விமர்சனம் அந்த விளக்கத்துடன் நின்றுவிடலாகாது.

'ஹெல்ற்றர் ஸ்கெல்ற்றர்' என்னும் பேரிரைச்சலை அடுத்து, காதைத் தீட்டினால் மட்டுமே பிடிபடும் குரல் இது. முடிவில், மக்கார்ட்னியின் ஓர்கன் சுரமொன்றுக்கு, ஒலிபெருக்கிப் பெட்டிமேலிருந்த வைன் போத்தல் கடகடக்கிறது. அதை அவர்கள் நீக்கவில்லை. றிங்கோவின் முரசு சேர்ந்ததிர, ஹரிசன் ஓலமிடுகிறார். நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் இப்படிக் கடகடத்தால் இயந்திரத்தை நிறுத்திவிடுவோம். இங்கோ அத்தற்செயலே பாடலை முடித்துவைக்கிறது.

தேடியதைக் கண்டடைந்த நிம்மதி சொற்களில் இருக்கிறது. இறுதி ஒலியில் நடுக்கமே எஞ்சுகிறது. பாடலைச் சொற்களாக மட்டும் வாசிக்கும் நமது விமர்சன மரபுக்கு இது கேட்பதில்லை. பாடலின் உண்மை அந்த நடுக்கத்திலேயே உள்ளது என்பேன்.