பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் பொருள்நோக்கு நிரலாக்கம்: ஒரு மதிப்பீடு

2018இல் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் புதுப்பிக்கப்பட்டபோது, பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ இடம்பெற்றது. மரபுரிமம், பல்லுருவாக்கம் போன்ற கலைச்சொற்கள் நூலின் பலம். தமிழ்வழி மாணவர் சொல்லைக்கொண்டே கருத்தை ஊகிக்கலாம்.

குறை, பாட வரிசையில் உள்ளது. ஓர் இனக்குழுவைக்கூட எழுதிப் பார்க்கும் முன்பே வரையறைகள் அடுக்கப்படுகின்றன. அவற்றை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறலாம். நிரல் எழுத வராது.

1960களில் நார்வேயில் உருவான சிமுலா மொழி, நடைமுறை நிகழ்வுகளைக் கணினியில் உருவகப்படுத்தவே இனக்குழுவைக் கொண்டுவந்தது. தொடக்கநிலை மாணவருக்கும் அவ்வழியே எளிது. நிரப்பப்படாத நூலக அட்டைப் படிவம் இனக்குழு. ஒரு மாணவருக்கென நிரப்பிய அட்டை பொருள். நூல் எடுத்தல், திருப்பித் தருதல் அதன் செயற்கூறுகள். இப்படி இரண்டு பொருள்களை உருவாக்கி இயக்கிய பிறகு படிக்கும் வரையறையே மனத்தில் நிற்கும்.