லாக்புக்கைக் காட்டுங்கள்!

எகிப்தின் பிரதர்ஸ் தீவுகளுக்குப் போகும் டைவிங் கப்பலில் ஏற வேண்டுமானால், குறைந்தது 50 டைவ் முடித்திருக்க வேண்டும். முடித்ததற்கு அத்தாட்சியும் வேண்டும். “காசு கொடுத்துப் போகிற இடத்தில் பரீட்சை வேறா?” என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கோ, அந்தச் செங்கடல் பயணத்தில் ஆகப் பிடித்துப்போனதே இந்தப் பரீட்சைதான்!

லிவ்அபோர்ட் என்றால் வாரம் முழுக்கக் கப்பலிலேயே உண்டு, உறங்கி, தினம் மூன்று முறை கடலுக்குள் இறங்குவது. பிரதர்ஸ், டெடலஸ், எல்ஃபின்ஸ்டோன் ஆகிய மூன்று டைவ் தலங்களையும் சுற்றும் எங்கள் கப்பலில், முதல் நாள் மாலையே கைடு எல்லாருடைய லாக்புக்கையும், அதாவது டைவ் குறிப்பேட்டையும், வாங்கிக்கொண்டார். பேரேட்டைப் புரட்டும் கணக்குப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். எத்தனை டைவ் என்பதோடு அவர் விடவில்லை. எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், சிலிண்டரில் 200 பார் காற்றழுத்தத்தோடு தொடங்கியவர் எத்தனை பாரில் மேலே வந்தார், இடுப்பில் எத்தனை கிலோ ஈயம், கடைசியாகத் தண்ணீரில் இறங்கியது எப்போது என்று எல்லாமே பார்த்தார். புதுச்சேரிக் கடலில் நான் போட்ட டைவ்கள் வந்ததும் நிறுத்தி, “கலங்கல் தண்ணீரா? நீரோட்டம் உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. அடடா, நம்ம ஊர்க் கடலுக்கு அங்கே என்ன மரியாதை!

காகித லாக்புக் இல்லாதவர்கள் டைவ் கம்ப்யூட்டரில் பதிவானதைக் காட்டினார்கள். அதையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் கைடின் கையெழுத்தும் டைவ் சென்டரின் முத்திரையும் விழுந்த பக்கத்துக்கு ஈடே கிடையாது என்பேன். சான்றிதழ் அட்டை, டைவிங் காப்பீடு, மருத்துவப் படிவம் இவையெல்லாம் சட்டென்று முடிந்துவிட்டன.

மறுநாள் காலை செக் டைவ். ஆழமில்லாத ஒரு ரீஃப். ஜாக்கெட்டில் இருக்கும் காற்றை முழுக்க விட்டுவிட்டு, கண்மட்டத்தில் தண்ணீர் நிற்கும்படி மிதக்கிறோமா என்று பார்த்தார்கள். செங்கடலில் உப்பு அதிகம், அதனால் வழக்கத்தைவிடக் கூடுதல் ஈயம் தேவைப்படும். அப்புறம் ஐந்து மீட்டரில் நின்றபடியே ஆரஞ்சு நிற மிதவைக் குழலில் காற்றடித்து மேலே அனுப்ப வேண்டும். இது ஏதோ சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். பிரதர்ஸ் கரையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் நிற்கிறது. சுற்றிலும் அதல பாதாளம். நீரோட்டம் இழுத்துப்போனால், ரப்பர் படகில் தேடி வருகிறவர் கண்ணில் படப்போவது அந்தக் குழல் ஒன்றுதான்!

அங்கே காத்திருந்ததை என்ன சொல்ல! பிரதர்ஸ் தீவுகளில் பெரியதின் வடமுனையில் நுமிடியா. 1901இல் மோதி மூழ்கிய சரக்குக் கப்பல். 1883இலிருந்தே அந்தத் தீவில் கலங்கரை விளக்கம் இருந்தும் தப்பவில்லை. அது ஏற்றி வந்த ரயில் சக்கரங்கள் இன்னமும் ஆழம் குறைந்த பகுதியிலேயே கிடக்கின்றன. கப்பலோ செங்குத்தாகச் சரிந்து ஆழத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. மென்பவளம் போர்த்திய அந்த இரும்பைப் பார்த்து நான் ரெகுலேட்டருக்குள்ளேயே கத்திவிட்டேன்.

அப்புறம் வந்தார் லாஞ்சிமானஸ்! துடுப்பு நுனியெல்லாம் வெள்ளை பூசிய பெருங்கடல் சுறா. முன்னால் கோடு போட்ட பைலட் மீன்கள். கூச்சமே இல்லாமல் நேராகக் கிட்ட வந்து நம்மைப் பார்க்கும். அந்த நேரத்தில் ஒருவர் பதறிக் கைகாலை அடித்தாலும் போச்சு. எங்கள் குழுவில் ஒருவர்கூட அசையவில்லை. நிமிர்ந்து, தோளோடு தோள் நெருங்கி, சுறாவின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நின்றோம். முதல் நாள் மாலை முன்பின் அறியாதவர்களாக லாக்புக்கை நீட்டியவர்கள்தாம் நாங்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் கடல் தெரியும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான், பயத்தில் பாதியை மறந்து அந்தச் சுறாவின் அழகை முழுசாகப் பார்க்க முடிந்தது. சோதனை வைத்த அந்தக் கைடைக் கப்பலேறியதும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்!

அடுத்து செங்கடலின் தெற்கே ஜபர்கத், ராக்கி, செயின்ட் ஜான்ஸ் ஆகிய டைவ் தலங்களுக்குப் போகத் திட்டம். அதற்குள் அந்தமானில் நீரோட்டமுள்ள இடங்களாகத் தேடி இன்னும் சில டைவ்களைச் சேர்த்துவிட வேண்டும். புது லாக்புக்கும் வாங்கியாயிற்று.