புகையில்லாத கணப்பு

கொடைக்கானலில் பழைய பங்களா வைத்திருக்கிறவர்களைக் கண்டால் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லத் தோன்றுகிறது: அந்தக் கணப்பைப் பலகை அடித்து மூடாதீர்கள். டிவி ஸ்டாண்டை அதன் முன்னால் போடாதீர்கள். உள்ளே, விறகு எரிவதுபோலவே தோன்றும் ஒரு மின்விறகு ஹீட்டரை வாங்கி வையுங்கள். நான் மதுரைக்காரன். கத்திரி வெயிலில் டவுன்ஹால் ரோட்டில் நடந்து பழகிய உடம்பு. மார்கழிக் குளிருக்குக் கொடைக்கானல் என்றாலே ஒதுங்கி ஓடியவன், இப்போது மார்கழிக்காகக் காத்துக் கிடக்கிறேன்.

வீடு மனைவி வழியில் வந்தது. கருங்கல் சுவர், மரத்தளம், நடு அறையில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு கணப்பு. மலை மேல் இந்தக் கணப்புகள் வந்ததற்கே மதுரை வெயில்தான் காரணம் என்பேன். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் வெக்கையும் காய்ச்சலும் தாங்காமல் முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் மலேரியா விடவில்லை. பிறகுதான் இன்னும் உயரம் தேடி, 1845-ல் கொடைக்கானலில் சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். பகலெல்லாம் சுகம், ராத்திரி நடுக்கம். அதன் பிறகு மலையில் எழும்பிய பங்களாக்களில் கணப்பும் புகைக்கூண்டும் இல்லாத வீடு அபூர்வம்.

எங்கள் கணப்பு வருஷக்கணக்கில் எரியவே இல்லை. யூக்கலிப்டஸ், வாட்டில் விறகு கிடைக்கும்தான். ஆனால் கொடைக்கானல் ஈரத்தில் அது காய்வதற்குள் சீசன் முடிந்துவிடும். ஈர விறகைப் பற்றவைத்தால் வீடு முழுக்கப் புகை, கண்ணெரிச்சல், மறுநாள் சட்டையிலும் அதே வாடை. நன்றாகக் காய்ந்த விறகாகவே இருந்தாலும் திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைக்கூண்டு வழியாக வானத்துக்குத்தான் போகிறது. போகிற காற்று சும்மா போவதில்லை, அறையில் இருக்கும் வெதுவெதுப்பையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு, சன்னல் இடுக்கு வழியாக வெளிக்குளிர் உள்ளே வரும். முகம் வேகும், முதுகு விறைக்கும். இதற்குப் பயந்து அறைக்குள் கரி அடுப்பை மூட்டிக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யவே செய்யாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலிலேயே அப்படிப் போயிருக்கிறார்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமென்றுதான் மின்விறகுக்கு வந்தோம். அதை வைக்கும் முன் இரண்டு வேலை. கொத்தனாரை வைத்துப் புகைக்கூண்டைச் சுத்தம் செய்தோம். கரியும் காய்ந்த குருவிக்கூடும் கூடை கூடையாக இறங்கின. பிறகு தொண்டைப் பகுதியில் சிமென்ட் போர்டு வைத்து அடைத்து, ஈரம் தங்காமலிருக்க ஒரு சிறு துவாரம் மட்டும் விட்டோம். இந்த அடைப்பு இல்லாவிட்டால் ஈபிக்குக் கட்டும் காசும் வானத்துக்குத்தான். அடைத்துவிட்டால், வாங்கிய மின்சாரம் ஏறக்குறைய முழுதும் சூடாக அறைக்குள்ளேயே நிற்கிறது. இரண்டாவது, வயரிங். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். ஃபேன், லைட்டுக்கு உள்ள 6 ஆம்ப் பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதற்கு ஆகாது. மெயின் போர்டிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த்தோடு 16 ஆம்ப் பிளக் போட்டுத் தந்தார் எலக்ட்ரீஷியன்.

இனி அந்த அழகைச் சொல்கிறேன். இரும்புத் தட்டி மேல் அடுக்கிய விறகுக் கட்டைகள். ரெசின் வார்ப்புதான், ஆனால் பட்டை உரிந்த இடம், கணு, கோடாலி வெட்டின் சாய்வு எல்லாம் அச்சு அசல். சுவிட்சைப் போட்டதும் கட்டைகளின் அடிவயிறு மெல்லச் சிவக்கிறது. கங்கு ஊதி ஊதிக் கனிகிற மாதிரி ஏறி இறங்குகிறது. பின்னாலிருந்து சுடர் எழும்பி நெளிகிறது. குனிந்து பார்த்தால் சூட்சுமம் தெரியும்: உள்ளே ஒரு சிறு தண்டு மெதுவாகச் சுழல்கிறது, அதில் பளபளக்கும் தகட்டுத் துண்டுகள், அவற்றில் பட்டுத் தெறிக்கும் எல்இடி வெளிச்சம்தான் சுடர். இது இன்று நேற்றைய யோசனையும் இல்லை. 1920-களிலேயே இங்கிலாந்தில் ‘மேஜிகோல்’ என்ற மின்கணப்பு விற்றது. அதில் மோட்டார்கூடக் கிடையாது. பல்பின் சூட்டில் மேலெழும் காற்றே ஒரு சிறு தகட்டுக் காற்றாடியைச் சுழற்றி, நிழலை அசைத்துத் தீயாகக் காட்டியது. எத்தனை பெரிய மூளை! நூறு வருஷம் கழித்து அதன் பேரப்பிள்ளை எங்கள் வீட்டில் எரிகிறது.

சூடு கட்டைக்குக் கீழிருந்து வருகிறது. சின்ன ஃபேன் ஒன்று வெதுவெதுப்பான காற்றைத் தரையோடு தள்ளிவிட, முதலில் பாதம், பிறகு முழங்கால் என்று குளிர் விடுகிறது. முதல் அரைமணி நேரம் 2,000-ல் வைப்போம். அறை சூடேறியதும் 1,000 போதும். மணிக்கு ஒரு யூனிட். சூடு தேவையில்லாத நேரத்தில் சுடரை மட்டும் தனியாக ஓடவிடலாம், அதற்கு ஆகும் கரண்டு ஒரு பொருட்டே இல்லை. மூட்டுவலிக்காரரான என் மாமியாருக்கு இதுதான் உயிர். “மாப்ள, சூட்ட அமத்துனாலும் வெளிச்சத்த அமத்திராதீங்க, பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு” என்பார். மேல்சால்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டு அவர் கால் நீட்டி உட்காரும்போது வாங்கிய காசுக்கு மேலேயே திரும்பி வந்துவிட்டதென்று நினைத்துக்கொள்வேன். முன்பு ஆளுக்கொரு கம்பளிக்குள் ஆளுக்கொரு அறையில் சுருண்டு கிடந்தோம். இப்போது சாப்பாட்டுத் தட்டோடு எல்லோரும் கணப்படிக்கு வந்துவிடுகிறார்கள். நான்கு தலைமுறைக் கதை அங்கேதான் ஓடுகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு: கணப்பின் உள் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அதிகம் சூடேறினால் தானே அணைந்துவிடும் கட்-ஆஃப், தெர்மோஸ்டாட், டைமர் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். திரை, கம்பளி எதுவும் மூன்றடிக்குள் வேண்டாம். படுக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். மதுரைக் கடைகளில் ஹீட்டர் என்று கேட்டால் கீசரைத்தான் எடுத்து வைப்பார்கள். ஆன்லைனில் பார்த்து வாங்குங்கள். புகைக்கூண்டை அடைக்க மழைக்காலத்துக்கு முன்பே ஆள் சொல்லிவைத்துவிடுங்கள். கொத்தனார் வேலைக்கு வெயில் வேண்டும்.