விந்தை நடத்தையும் நோய் முத்திரையும்

முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையில் அடங்கியிருக்கும் இறைநேசரின் திருப்பெயரோடு ‘ஹக்கீம்’ என்னும் சொல்லும் சேர்ந்தே வழங்குகிறது. மருத்துவர், ஞானி என்னும் இரு பொருளும் அதற்குண்டு. மனம் கலங்கியோரை அழைத்துக்கொண்டு பல சமயத்தாரும் அத்தர்காவை நாடி வருகின்றனர். அங்கே நிற்போர் உள்ளத்தில் ஒரு வினா எழும்: ஒருவரைப் பித்தர் என்று தீர்ப்பளிக்கும் அளவுகோல் யாருடையது?

தொண்டியை அடுத்த குணங்குடியில் தோன்றி, உலகியலைத் துறந்து திரிந்த சுல்தான் அப்துல் காதிரை மக்கள் ‘மஸ்தான்’ என்றனர். ஊரார் கண்ணுக்குப் பித்தாகத் தோன்றிய கோலம், அவர் பாடல்களை உணர்ந்தோர்க்கு இறைக்காதலாக விளங்கிற்று. கோலம் ஒன்றே, பார்வைகள் இரண்டு.

அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் ரோசன்ஹான் 1973இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையும் இதையே பேசுகிறது. நலமுள்ள 8 பேர், காதில் குரல் கேட்பதாகப் பொய்யுரைத்து 12 மருத்துவமனைகளில் சேர்ந்தனராம். சேர்ந்தபின் இயல்பாக நடந்தும் நோயாளராகவே கருதப்பட்டனராம். குறிப்பெழுதியதுகூட நோய்க்குறியாகப் பதிவாயிற்றாம். இக்கட்டுரையை முழுதும் ஏற்பதற்கில்லை. இதன் சான்றுகளை ஐயுற்று சூசன்னா கஹாலன் 2019இல் ஒரு நூலே எழுதினார். நோயாளர் சொல்லை நம்பிய மருத்துவரைப் பழிப்பதும் முறையன்று. எனினும், முத்திரை விழுந்தபின் இயல்பான செயலும் நோயாகவே தெரியும் என்னும் எச்சரிக்கை பொய்யாகவில்லை.

அதனைக் காண அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. மணம் வேண்டாமென்னும் பெண்ணையும், கடையில் அமர மறுக்கும் மகனையும் ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று நாம் சொல்வதில்லையா? சமூகத்தின் ஒழுக்க, சமய, தொழில் நெறிகளுக்கு ஒருவர் ஒத்துப்போகாமையை மனநோய்க்கு அடிப்படையாகக் கொள்ளலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 3ஆம் பிரிவில் விதித்திருக்கிறது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. எல்லாப் பித்தும் ஞானமன்று. உண்மையாகவே நோயுற்றவரை மருத்துவரிடம் காட்டாது பூட்டிவைத்தல் பெருங்கொடுமை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் உள்ளிட்ட 28 பேர் மாண்டனர். அச்சங்கிலியையும் மேற்சொன்ன சட்டம் இன்று தடைசெய்கிறது.

ஆகவே நாம் கேட்கவேண்டியது, ‘இவர் நம்மைப் போல் இருக்கிறாரா?’ என்பதன்று, ‘இவர் துன்புறுகிறாரா?’ என்பதே. துன்புறுபவர்க்கு துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். ‘ஹக்கீம்’ என்னும் சொல் இரண்டிற்கும் இடந்தருகிறது.