சானடோரியம் ஸ்டேஷனும் வை.மு.கோ.வும்

தினமும் ஆபீசுக்கு தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல இறங்குறவன் நான். டாக்டர் சௌரி முத்து 1928ல் தொடங்கிய அந்தக் காசநோய் மருத்துவமனையில்தான் 1960 பிப்ரவரி 20 அன்று வை.மு.கோதைநாயகி அம்மாள் இறந்தார் என்பது போன வருஷம்தான் தெரிந்தது. 115 நாவல் எழுதியவர்!

அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த 115ஐச் சொல்லிவிட்டு, 'துப்பறியும் நாவல் எழுதிய முதல் தமிழ்ப் பெண்' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன கருத்து வேறுபாடு.

இங்கிலாந்தில் ஆன் ராட்கிளிஃப் 1794ல் 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' எழுதினார். பாழடைந்த கோட்டை, அதில் மாட்டிக்கொண்ட பெண். கடைசியில் பேய் எல்லாம் பொய், ஆசாமிகள்தான் நிஜ ஆபத்து என்று தெரியும். காத்திக் என்கிற வகையின் உயிர்நாடி இதுதான்: பேய் அல்ல, தப்பிக்க முடியாத வீடு. தமிழுக்கு இந்தச் சரக்கு பெரும்பாலும் ரெய்னால்ட்ஸ் வழியாக வந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் அவரைத் தமிழாக்கித் தள்ளினார்.

வை.மு.கோ.வுக்குக் கோட்டை தேவைப்படவில்லை. ஐந்தரை வயதில் கல்யாணமாகிப் போனவர். பள்ளிக்கூடம் கிடையாது. முதல் நாடகம் 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்தார். மர்ம நாவலில் விதவை மறுமணம், பெண்கல்வி, மதுவிலக்கு எல்லாம் வரும். கள்ளுக்கடை மறியலுக்காக ஜெயிலுக்கும் போனவர், சும்மா எழுதவில்லை. ஆபத்து வெளியிலிருந்து வருவதில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதனால் துப்பறிவாளரை விட, மாட்டிக்கொண்ட பெண்தான் அவர் கதையில் நிற்கிறாள்.

குறையே இல்லையா? நிறைய. பக்கம் பக்கமாகப் பேச்சு, நினைத்த இடத்தில் தற்செயல், நடுவில் உபதேசம். ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்பில் நாற்பது பக்கம் தாண்ட முடியாமல் மூடி வைத்துவிட்டேன்.

பிறகு ஒருநாள், கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அம்மாவுக்காக அதையே சத்தமாகப் படித்தேன். நான் குறை என்று நினைத்த திரும்பத் திரும்பச் சொல்லல் எல்லாம் சரியாக உட்கார்ந்தது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்லி ஆரம்பித்தவர் அல்லவா! பத்து நிமிஷத்தில் நிறுத்தினால் அம்மா, "அந்தப் பொண்ணு என்னடா ஆனா?" என்றார்.

வாசிப்பு முறை தப்பாக இருந்தது, நாவல் அல்ல. 115ல் ஒன்றை எடுத்து, யாருக்காவது வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதன் பிறகு 'காலாவதியான எழுத்து' என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.