வெற்றிடத்தின் ரப்பி: பிரெஸ்லவ் நஹ்மானும் அவரைப் படித்தவர்களும்

ஹசீதியக் குழு ஒன்று குரு இல்லாமல் நடக்காது. பதினெட்டாம் நூற்றாண்டில், இன்றைய உக்ரைனில், பால் ஷெம் தோவை முதல்வராகக் கொண்டு எழுந்த அந்த யூத பக்தி இயக்கத்தில் குருவை ‘ஸாடிக்’ என்பார்கள். ஒரு ஸாடிக் மறைந்தால் மகனோ மருமகனோ மூத்த சீடரோ அந்த இடத்தில் அமர்வது வழக்கம். 1810இல் ரப்பி நஹ்மான் இறந்தபின் பிரெஸ்லவ் குழு மட்டும் யாரையும் அமர்த்தவில்லை. இன்றுவரை அமர்த்தவில்லை. ‘செத்த ஹசீதியர்’ என்று மற்றக் குழுவினர் கேலி பேசினார்கள். கேலி பேசிய பல குழுக்கள் காணாமல்போய்விட்டன; குரு இல்லாத இந்தக் குழு வளர்ந்துகொண்டிருக்கிறது.

நஹ்மான் 1772இல் மெஜிபிஷ் ஊரில் பிறந்தவர், பால் ஷெம் தோவின் கொள்ளுப்பேரன். 1798இல் புனித பூமிக்குக் கப்பலேறினார். நெப்போலியன் படை அந்தக் கரையை நெருங்கிய சமயம் அது. உயிர் தப்பித் திரும்பியதே பெரிய விஷயம். 1802இல் பிரெஸ்லவில் குடியேறினார். 1806இல் கைக்குழந்தையாக இருந்த மகன் இறந்தான். அடுத்து மனைவி போனார். காசநோய் அவரையும் பிடித்துக்கொண்டது. முப்பத்தெட்டு வயதில் உமான் நகரத்தில் முடிந்துபோனார். இதற்கிடையே ‘ஷ்போலா தாத்தா’ என்று பெயர்பெற்ற மூத்த ஸாடிக் ஒருவர் அவரை விடாமல் எதிர்த்தார். அந்தச் சண்டையின் காரணங்களைத் தோண்டிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை.

போதனைக்கு வருவோம். 1808இல் வெளியான, நஹ்மானின் பாடங்களைத் தொகுத்த ‘லிக்குத்தே மொஹரான்’ நூலின் முதல் பகுதியில் 286 பாடங்கள் உள்ளன. 64ஆம் பாடத்தை மட்டும் படித்தால்கூட இந்த மனிதர் எங்கே நின்று பேசுகிறார் என்று தெரிந்துவிடும். படைப்புக்குமுன் எங்கும் கடவுளே நிறைந்திருந்தார், உலகுக்கு இடம் வேண்டுமென்று அவர் தன்னைச் சுருக்கி ஒதுங்கினார், அப்படி உண்டான வெற்றிடத்தில்தான் உலகம் தோன்றியது என்பது பதினாறாம் நூற்றாண்டு சஃபேத் நகரத்து ஐசக் லூரியாவின் கபாலா, அதாவது யூத மறைஞானப் போதனை. அடுத்துவந்த கபாலாவாதிகள் பலரும் இதைப் படைப்பின் வரலாறாக விளக்கிக்கொண்டிருந்தார்கள். நஹ்மான் அதற்குள் சந்தேகவாதியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

கேள்விகள் இரண்டு வகை என்கிறார். ஒரு வகை, லூரியா சொல்கிறபடி படைப்பின்போது இறையொளியைத் தாங்காமல் உடைந்த பாத்திரங்களின் சில்லுகளிலிருந்து வருபவை. அவற்றில் ஒளியின் மிச்சம் ஒட்டியிருப்பதால் தேடினால் பதில் கிடைக்கும். இன்னொரு வகை, அந்த வெற்றிடத்திலிருந்தே வருபவை. அங்கே கடவுள் இல்லை. இருந்திருந்தால் அது வெற்றிடம் ஆகாது. அங்கே கடவுள் இருந்தாக வேண்டும். அவரின்றி எதுவும் நிலைக்காது. இரண்டும் உண்மை, இரண்டும் பொருந்தாது, வருங்காலத்தில் அல்லாமல் இந்த முடிச்சு அவிழாது. அங்கே எழுத்து இல்லை, சொல் இல்லை, ஆகவே பதிலும் இல்லை. வாதாடி வெல்லலாம் என்று இறங்குகிறவன் அமிழ்ந்துபோவான். மோசே போன்ற ஸாடிக் மட்டும் இறங்கலாம், ஏனென்றால் அவர் திக்குவாயர், மௌனம் தெரிந்தவர். கடவுள் பார்வோனிடம் போகச் சொன்னது இந்த வெற்றிடத்துக்குள் போகச் சொன்னதுதான் என்று வசனத்தைத் திருப்பிவிடுகிறார். கடைசியில் பாட்டு வருகிறது. ஒவ்வோர் அறிவுக்கும் ஒரு மெட்டு உண்டு, நம்பிக்கையின் மெட்டு எல்லாவற்றுக்கும் மேலானது, அந்த மெட்டால் ஸாடிக் அமிழ்ந்தவர்களைத் தூக்கிவிடுகிறார்.

ஒரு மதகுரு நாத்திகக் கேள்விக்குப் பதில் கிடையாது என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பதிலின்மைக்கே இறையியலில் ஓர் இடம் போட்டுக் கொடுக்கிறார். ஆய்வாளர்கள் நூறாண்டாக இவரைச் சுற்றி வருவதில் வியப்பில்லை.

முதலில் வந்தவர் மார்ட்டின் பூபர். 1906இல் நஹ்மானின் கதைகளை ஜெர்மனில் வெளியிட்டு ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார். மொழிபெயர்த்தார் என்பதைவிடத் தன் நடையில் புதிதாக எழுதினார் என்பதே சரி. கரடுமுரடான இத்திஷ் மொழிக் கதைகள் மெருகேறி, அழகாக, கொஞ்சம் உயிரிழந்து வந்தன. அளவுமீறிய உரிமை எடுத்துக்கொண்டதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். கெர்ஷோம் ஷோலெம் வேறு வழி. 1928இல் பிரெஸ்லவ் நூல்களுக்கு ஒரு பட்டியல் தொகுத்தார். முதலில் என்னென்ன அச்சாகியிருக்கிறது என்று பார்ப்போம், பிறகு பேசுவோம் என்ற கறார். அவருடைய மாணவர் யோசெஃப் வைஸ்தான் இந்தத் துறைக்கு எலும்புக்கூடு தந்தவர். ஹசீதியத்தை அனுபூதி வழி, நம்பிக்கை வழி என்று அவர் இரண்டாகப் பிரித்தார். கடவுளோடு கலப்பது முதல் வழி. கடவுள் எட்டாத தூரத்தில் இருக்க, கேள்வியோடு ஏங்கி நிற்பது இரண்டாவது. நஹ்மான் இரண்டாம் வழியின் உச்சம் என்றார் வைஸ்.

1979இல் ஆர்தர் கிரீன் எழுதிய வாழ்க்கை வரலாறு, துயரில் உழன்ற ஒரு மனத்தின் படத்தை வரைந்தது. நஹ்மானின் உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவதை ஆண்டுவாரியாகத் தொடர்ந்து, போதனைகளை அந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துப் படித்தார். நல்ல புத்தகம், ஆனால் ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டது. 64ஆம் பாடத்தை நஹ்மானின் நோய்க்குறிப்பு மாதிரிப் புரட்டுகிறவர்கள் பெருகினார்கள். பிரெஸ்லவ் பக்தர்கள் இதற்கு நேரெதிர்: குருவுக்குத் துயரமே இல்லை, சீடர்களுக்காக இறங்கிவந்து பேசினார் என்பார்கள். இரு தரப்பும் செய்வது ஒன்றையே. ஒருவர் துயரத்தை ஆளுக்குள் அடைக்கிறார், மற்றவர் ஆளிடமிருந்து துடைக்கிறார். பாடம் இருவர் கையிலிருந்தும் நழுவுகிறது. ஸ்வி மார்க் இவ்வகையில் தேவலை. நஹ்மானிடம் அனுபூதியே இல்லை என்ற வைஸின் முடிவை அவர் மறுத்தார். கற்பனையும் பித்தும் அறிவைத் தாண்டும் வாசல்களாக அங்கே வேலை செய்வதைக் காட்டினார். நெடுங்காலம் மறைத்துவைத்திருந்த, மெசியாவின் வருகை பற்றிய சுருக்கெழுத்துச் சுவடியை 2006இல் பதிப்பித்தவரும் அவரே.

எல்லாருக்கும் பொதுவான ஒரு தொல்லை உண்டு. நம் கைக்கு வந்திருப்பதில் பெரும்பகுதி சீடர் நாத்தான் எழுதியது. குரு இத்திஷில் பேசுவார், நாத்தான் ஹீப்ருவில் எழுதிக்கொள்வார். போதாததற்கு, 1808இல் லெம்பெர்க் நகரில் சிகிச்சைக்கு இருந்த நஹ்மான், தன் கையெழுத்துப் பிரதி ஒன்றை எரித்துவிட ஆளனுப்பினார். எரித்தும் விட்டார்கள். கதைகளிலும் இதே கதைதான். காணாமற்போன இளவரசியைத் தேடிப்போகும் மந்திரி, கடைசியில் பொன்மலையில் முத்துக்கோட்டையைக் காண்கிறான். அவளை எப்படி மீட்டான்? நஹ்மான் சொல்லவில்லை, மீட்டான் என்பதோடு சரி. ஏழு பிச்சைக்காரர் கதையில் ஏழாமவரின் கதை சொல்லப்படவே இல்லை.

ஆனால் நஹ்மானிடம் மௌனம் பாதிதான். தினமும் ஒரு மணிநேரம், முடிந்தால் இரவில், ஆளில்லாத இடத்தில், வீட்டில் பேசும் மொழியிலேயே கடவுளிடம் பேசு என்பது அவருடைய கட்டளை. புனித மொழியில் வேண்டினால் மனம் திறக்காது, இத்திஷில் பேசு என்றார். பேச வாய் வராவிட்டால் பேச முடியவில்லை என்பதையே சொல்லு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லு. பதிலில்லாக் கேள்வி பற்றிய பாடத்தையும் இந்தப் பழக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாதம் நின்றுபோகிற இடத்திலும் முறையீடு நிற்பதில்லை. வாங்கிய கடன்களின் கணக்கு, வயிற்றுவலி, மனைவியோடு சண்டை, எல்லாமே அந்த ஒரு மணிநேரத்துக்குள் வரலாம்.

1810 கோடையில், உமானில், ஓர் ஓய்வுநாளன்று வந்துகூடியவர்களிடம் அவர் தனக்கு இப்போது ஒன்றுமே தெரியாது, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அதே அமர்வில்தான் நம்பிக்கை இழப்பு என்று ஒன்று உலகத்தில் கிடையவே கிடையாது என்று உரக்கச் சொன்னார். துயரக் கட்சிக்கு முதல் பாதி போதும், பக்தர் கட்சிக்கு இரண்டாம் பாதி போதும்.

இன்று யூதப் புத்தாண்டுக்கு உமானில் கூடுகிற பல்லாயிரவரைப் பார்த்து, தனிமையைப் போதித்தவருக்கு இந்தக் கூட்டமா என்று முகம் சுளிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. சுளிக்க அவசியமில்லை. புத்தாண்டுக்கு என்னிடம் வந்தே ஆகவேண்டும் என்று உயிரோடிருந்தபோதே வற்புறுத்தியவர் அவர். இறந்தபின் தன் சமாதிக்கு வந்து, ஒரு காசு தர்மம் கொடுத்து, குறித்த பத்துச் சங்கீதங்களைச் சொல்பவனை நரகத்திலிருந்து இழுத்துவிடுவேன் என்று சாட்சி வைத்து வாக்களித்தவரும் அவரே. 1810இன் புத்தாண்டுக்கு, இரத்தமாய் இருமிக்கொண்டிருந்த நஹ்மானைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள். அவரும் பாடம் சொன்னார். அடுத்த சில வாரங்களில் இறந்தார். 1768இல் வெட்டிக் கொல்லப்பட்ட ஆயிரக்கணக்கான யூதர்கள் புதைந்த அந்த ஊர் இடுகாட்டில் தனக்கும் இடம் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார்.