அவசரகாலத்தின் எச்சங்கள்

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் பயிலும் தமிழ் மாணவன் பன்னிரண்டு வயது நிரம்பியதும் அடையாள அட்டை பெறுகின்றான். வளர்ந்துவிட்டமைக்குச் சான்றாக அதனை வீட்டாரிடம் காட்டி மகிழ்கின்றான். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் யாவரும் ஒளிப்படம் ஒட்டிய அட்டை வைத்திருத்தல் வேண்டும் என்னும் விதி 1948-ஆம் ஆண்டின் அவசரகால ஒழுங்குமுறைகளில் தோன்றியது என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் சிலரே. ஊரில் வாழ்வோனையும் காட்டில் மறைந்திருப்போனையும் பிரித்தறியவே அது கொணரப்பட்டது. அதனாலேயே கொரில்லாக்கள் மக்களிடமிருந்து அட்டைகளைப் பறித்துக் கிழித்தெறிந்தனர். ஓர் அடக்குமுறைக் கருவி நாளடைவில் அன்றாட வழக்காய் மாறி, தன் பிறப்பையே மறைத்துக் கொண்டது.

அவசரகாலம் என்னும் சொல்லே ஆய்வுக்குரியது. பன்னிரண்டாண்டுகள் நீடித்த ஒரு போரை எவரும் போர் என்று அழைக்கவில்லை. போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இலண்டன் காப்புறுதி நிறுவனங்கள் இழப்பீடு வழங்கா என்ற அச்சமே இதற்குக் காரணம் எனக் கூறப்படுவதுண்டு. காட்டில் இருந்தோரை முதலில் கொள்ளையர் என்றனர். 1952-இல் கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள் என்று பெயரை மாற்றினர். ஆட்கள் அதே ஆட்கள், பெயர்தான் வேறு. பெயரிடும் உரிமை யாரிடம் உள்ளதோ அவரிடமே பாதி வெற்றி உள்ளது என்பதை இலக்கணம் கற்ற தமிழாசிரியர் எளிதில் உணர்வர்.

1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் பரவிற்று. அதற்குச் சில நாள் முன்னரே அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவு மறுக்கப்பட்டுவிட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னரே சங்கத்தின் கதவு அடைக்கப்பட்டது. அச்சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4-ஆம் நாள் புடுச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு கருணை காட்டுமாறு கேட்டும் பயனில்லை. அதற்கு முந்திய நாள் மற்றொரு தமிழ்த் தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்தடுத்த இரு நாட்களில் இரு தலைவர்களை இழந்த தோட்டத் தமிழர், ஊதியம் கேட்பதற்கும் அரசை எதிர்ப்பதற்கும் இடையே உள்ள கோட்டைத் தாமே தேடிக் கண்டுகொள்ள வேண்டியவராயினர். பி. பி. நாராயணன் முதலானோர் பின்னர் வளர்த்த சங்கங்கள் அக்கோட்டுக்கு உட்பட்டே நின்றன. அவர்களைக் குறைகூறுவது எளிது. அன்றைய நிலையில் வேறு வழி எது என்று காட்டுவது கடினம்.

பிரிக்ஸ் திட்டத்தின் கீழ்க் காட்டோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள், பெரும்பாலோர் சீனர், முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர் என்பதை வரலாற்று நூல்கள் தவறாமல் கூறும். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த லட்சக்கணக்கான தொழிலாளர் வேலிக்குள் ஒருங்கு குவிக்கப்பட்டதை அந்நூல்கள் ஒரு வரியில் கடந்து செல்லும். அவர்களுள் தமிழர் மிகப் பலர். பால்மரக் காட்டுக்குச் செல்லும் போது சோறு கொண்டு போகக் கூடாது, வாயிலில் சோதனை, மாலையில் ஊரடங்கு. காட்டில் இருப்போர்க்கு ஒரு பிடி அரிசியும் போய்ச் சேரலாகாது என்பது நோக்கம். உழைக்கும் வயிறும் அதே கணக்கில் சேர்ந்தது. 1952-இல் தஞ்சோங் மாலிமில் ஊர் முழுவதற்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார் டெம்ப்ளர். மக்களின் உள்ளங்களை வெல்லுதல் என்னும் தொடருடன் இணைத்துப் பேசப்படுபவரும் அவரே!

இத்திட்டம் வென்றது என்பதை மறுப்பாரில்லை. 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தபோது 6,710 கொரில்லாக்களும், 1,865 பாதுகாப்புப் படையினரும், 2,473 பொதுமக்களும் மாண்டிருந்தனர். ஆனால் எதனால் வென்றது? முள்வேலி மட்டுமே காரணமாயின், மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சனின் அறிவுரையோடு 1962-இல் தென் வியட்நாமில் எழுந்த காப்புக் கிராமங்களும் வென்றிருத்தல் வேண்டும். அவை ஓரிரு ஆண்டுகளிலேயே சிதைந்தன. மலாயாவில் வேலிக்குப் பின்னே வேறு சிலவும் இருந்தன. கொரியப் போர் உயர்த்திய ரப்பர் விலை கருவூலத்தை நிரப்பியது. 1952-இல் குடியுரிமை விரிவுற்றது. 1955-இல் தேர்தல் நடந்தது. அவ்வாண்டின் இறுதியில் பாலிங்கில் துங்கு அப்துல் ரகுமான் சின் பெங்கை நேரில் கண்டு பேசினார். பேச்சு முறிந்தது; எனினும் 1957-இல் விடுதலை வந்ததும், அந்நியரை எதிர்க்கிறோம் என்னும் காட்டினரின் வாதம் வேரற்றுப் போயிற்று. தாம்சன் 1966-இல் வெளியிட்ட நூலில், அரசு சட்டப்படியே இயங்குதல் வேண்டும் என்பதை ஒரு கோட்பாடாக வைக்கிறார். நல்ல கோட்பாடே. ஆயினும் விசாரணையின்றிச் சிறைவைப்பதையே சட்டமாக்கிவிட்டால் சட்டப்படி என்னும் சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும் என்ற வினாவை அவர் முழுமையாக எதிர்கொள்ளவில்லை. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமற்ற 24 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதுபற்றிப் பொது விசாரணை வேண்டும் என்ற வழக்கை 2015-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தள்ளியது.

தமிழ் இலக்கணத்தில் எச்சம் என்பது முற்றுப்பெறாத வினை. அது தன்னை முடிக்க வேறொரு சொல்லை நாடி நிற்கும். அவசரகாலமும் அவ்வாறே. அது முடிந்த மறுநாள், 1960 ஆகஸ்டு முதல் நாள், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அறுபது நாள் காவல், அதன்பின் அமைச்சர் ஆணையால் ஈராண்டு, பின்னரும் புதுப்பிக்கலாம். காட்டுப் போராளிகளைக் கருதி இயற்றியதாகச் சொல்லப்பட்ட அச்சட்டம் 1987-இல் எதிர்க்கட்சியினர் மீதும் சமூகப் பணியாளர் மீதும் பாய்ந்தது. 2007 டிசம்பரில் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐவரைக் கமுந்திங்கிற்கு அனுப்பியதும் அதுவே. இலங்கையிலும் கதை வேறன்று. 1979-இல் தற்காலிகம் என்று பிறந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982-இல் நிரந்தரமாயிற்று. அது ஒடுக்க முனைந்த போராளி இயக்கங்களோ அடுத்த ஆண்டுகளில் பன்மடங்கு பெருகின. கைது செய்யும் ஆற்றல் ஓர் இயக்கத்தை ஒடுக்கவும் கூடும், வளர்க்கவும் கூடும். எது நிகழும் என்பது அரசு தன் மக்களுக்கு வேறு என்ன வழங்குகிறது என்பதைப் பொறுத்தது.

2012-இல் மலேசியாவில் அச்சட்டம் நீக்கப்பட்டு, சொஸ்மா அதன் இடத்தில் அமர்ந்தது. 28 நாள் காவலுக்கு அது இடந்தருகிறது. 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளுடன் தொடர்புடையோர் என்னும் ஐயத்தின் பேரில், சட்டமன்ற உறுப்பினர் இருவர் உட்படப் பன்னிருவர் அதன்கீழ்க் கைதாயினர். அவ்வியக்கத்தின் ஆயுதப் போர் முடிந்து அப்போது பத்தாண்டுகள் கடந்திருந்தன. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். இடைப்பட்ட மாதங்களைத் திருப்பித் தர எந்தச் சட்டத்திலும் பிரிவில்லை. மலாயாக் கம்யூனிஸ்டு கட்சி 1989 டிசம்பர் 2-இல் ஹாட் யாயில் ஒப்பந்தமிட்டு ஆயுதம் துறந்தது. அதனைக் காரணமாகக் காட்டிப் பிறந்த சட்டமோ அதன்பின்னும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது.